மொட்டைப்பாறை மூடுபனி

பிப்ரவரி 12

டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதாம். உப்பைக் குறை, கோபத்தைக் குறை, தினமும் என்ன சாப்பிட்டாய், மனசு எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டு வா என்று சொல்லி ஒரு டைரியையும் கையில் திணித்துவிட்டார். மருந்துக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்தது போலிருக்கிறது. அட்டையில் சிறுநீரகப் படம்.

என் பெயர் ராயப்பன். கூனிமலைச் சரகத்தில் வனவர். பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், பிழைப்பு மலையில். டைரியை ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து தான் படிக்கப்போவதாக என் மனைவி சலேத் டாக்டர் முன்னாலேயே அறிவித்துவிட்டாள். தாராளமாகப் படிக்கட்டும். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

காலை: இட்லி, உப்பில்லாத சாம்பார். மதியம்: சோறு, அதே சாம்பார். இரவு: தோசை, அதே சாம்பார். மனசு: எரிச்சல்.

பிப்ரவரி 14

கோயம்புத்தூரிலிருந்து கௌசிகா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்திருக்கிறது. வாட்ச் டவர் உச்சியில் நாலு கேமரா மாட்டியிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர். காட்டில் எங்கே புகை கிளம்பினாலும் மனுசன் கண்ணுக்குப் படுவதற்கு முன் அது கண்டுபிடித்து எல்லார் போனிலும் கத்துமாம். ஆழ்கற்றல் என்று பெயர் சொன்னது அந்தப் பெண்.

"ஆயிரக்கணக்கான படத்தைக் காட்டி, இது புகை, இது புகையில்லைன்னு பழக்கியிருக்கோம் சார். ஆனா உங்க மலை அதுக்குப் புதுசு. இனி நீங்கதான் சொல்லிக்குடுக்கோணும்."

"நானா?"

"ரேஞ்சர் சார் உங்க பேரைத்தான் சொன்னாருங்க. எச்சரிக்கை வந்தா போய்ப் பார்த்துட்டு, போன்ல 'புகை'ன்னு அமுக்குங்க. இல்லீன்னா 'புகை அல்ல'. காரணம் கேக்கும். மூடுபனி, மேகம், தூசி, ஏதாச்சும் ஒண்ணு அமுக்குங்க. நீங்க சொல்றதை அப்படியே நம்பி அது கத்துக்கும்."

இந்தச் சரகத்தில் நான் சொல்வதை அப்படியே நம்ப ஒரு ஜீவன் வந்து சேர்ந்ததே என்று மகிழ்ந்தேன். ரேஞ்சர் நம்புவதில்லை. வீட்டு நிலவரத்தை எழுதவே வேண்டாம்.

சாப்பாடு: மேற்படி. மனசு: பரவாயில்லை.

பிப்ரவரி 17

விடியற்காலை போன் அலறியது. சரக அலுவலகத்துக்குப் பின்னால் புகை! வாளியோடு ஓடினால், ரேஞ்சர் பொன்னரசு வெந்நீர் பாய்லருக்கு விறகு வைத்துக்கொண்டிருக்கிறார், இடுப்பில் துண்டோடு. செய்தி சென்னை வரைக்கும் போய்விட்டதாம். மத்தியானம் மினி பஸ் கிளப்பிய தூசிக்கு ஒரு அலறல். சாயங்காலம் ஆட்டு மந்தைக்கு ஒன்று.

"பச்சப்புள்ள மாதிரி சார், போகப் போகத் தெளிஞ்சிரும்" என்றது கௌசிகா. அந்தப் பெண்ணே குழந்தை போலத்தான் இருக்கிறது. தவறான எச்சரிக்கைகள் ஏப்ரலுக்குள் குறையாவிட்டால் கேமராவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம், தன் வேலையும் அதோடு போகுமாம். எனக்குப் பாவமாக இருந்தது. என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 18

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை வீட்டில் மீன் வாடையே கூடாது. வருஷா வருஷம் உள்ளதுதான். ஆனால் இந்த வருஷம் சலேத் கருவாட்டுப் பானையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"ஆண்டவருக்கும் ஆச்சு, உங்க பிரஷருக்கும் ஆச்சு. அதுல சீலா கருவாடு கெடந்துச்சே, எங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 20

மாலை மொட்டைப்பாறைக்கு ரோந்து. ஆளரவம் இல்லாத இடம். அதற்குக் கீழே சரிவு முழுக்கக் காய்ந்த புல், அதற்கும் கீழே கல்லுப்பட்டி கிராமம். தீக்காலத்தில் கண்காணிக்க வேண்டிய முக்கியமான இடம் என்பதால் இனி தினமும் நானே நேரில் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். நடை உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

அலுவலக வாசலில் தீயணைக்க மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் இருக்கின்றன. மூடி போட்ட கடைசி வாளிப் பக்கத்தில் இன்று ஒரு பூனை வந்து உட்கார்ந்துவிட்டது. விரட்டினாலும் போகவில்லை. காரணம் தெரியவில்லை.

இரவு: கஞ்சி. பசியில்லை. "என்ன, எலுமிச்சங்கா வாட அடிக்கு?" என்றாள் சலேத். சோப்பு மாற்றியிருக்கிறேன் என்றேன். மனசு: மிக நன்று.

பிப்ரவரி 21

மொட்டைப்பாறையில் ரோந்தில் இருக்கும்போதே சட்டைப்பையில் போன் கத்தியது. மொட்டைப்பாறையில் புகையாம். தற்செயலாக நான் அங்கேயே இருந்ததால் உடனே சுற்றுமுற்றும் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. புகை அல்ல. காரணம்? வரிசையில் முதலில் இருந்தது மூடுபனி. அமுக்கினேன்.

பிப்ரவரி 26

கல்லுப்பட்டியில் ஆட்டோவில் மைக் கட்டிப் பிரச்சாரம். காட்டுக்குள் தீக்குச்சிகூடக் கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதும், மலையே போய்விடும் என்று தொண்டை கிழியப் பேசினேன். திரும்பும் வழியில் இரண்டு பேர் ஓடைக்கரையில் கல் கூட்டிக் கட்டங்காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். கையும் களவுமாகப் பிடித்து அபராதம் எழுதினேன். கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?

மாலை வழக்கம்போல மொட்டைப்பாறை ரோந்து. மூடுபனி.

மார்ச் 2

கௌசிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"சார், மொட்டைப்பாறைல மட்டும் தினமும் சாயங்காலம் மூடுபனின்னு போட்டிருக்கீங்க. மார்ச் மாசத்துல, இந்த வெயில்லீங்களா?"

"மலைன்னா அப்படித்தாம்மா. சமவெளி ஆளுகளுக்குப் புரியாது."

"அதும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல!"

"ஆமா. அது ஒரு மாதிரியான எடம்."

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். "இது பெரிய விசயம் சார். இதை யாருமே எழுதுனதில்லைன்னு நினைக்கறேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து மளமளவென்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

மனசு: குழப்பம். உப்பு: டாக்டர் சொன்ன அளவுதான்.

மார்ச் 6

தலைமையகத்தில் கூட்டம், நாள் முழுவதும் கேம்ப். மாலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் கத்தியது. மொட்டைப்பாறை. நானோ எங்கேயோ இருக்கிறேன்! பழக்கத்தில் மூடுபனி என்று அமுக்கிவிட்டுத்தான் யோசித்தேன். நான் அங்கே இல்லை. ஆனாலும் வந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே நிஜமாகவே மூடுபனி இருக்கிறது! வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன், அது உண்மையாகவே இருந்து தொலைத்திருக்கிறது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

வீடு திரும்பினால் சலேத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போய் வந்தாளாம். பக்தி மனுசரை எவ்வளவு சந்தோஷமாக வைத்திருக்கிறது.

மார்ச் 9

ஒரு பொருள் வேகமாகக் குறைகிறது. என்ன பொருள், எங்கே வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் இந்த டைரிக்கு அவசியமில்லை. பூனைமேல்தான் சந்தேகம். ஆனால் மூடியைத் திறந்து, எடுத்துக்கொண்டு, திரும்ப ஒழுங்காக மூடி வைத்துவிட்டுப் போகிற பூனையை நான் கேள்விப்பட்டதில்லை.

மார்ச் 12

இன்று மொட்டைப்பாறையில் போன் கத்தவில்லை!

நான் கொடுத்த பதில்களையெல்லாம் போட்டு கௌசிகா மிஷினுக்கு மறுபடி பாடம் நடத்திவிட்டது. இனி அந்த இடத்தில் அப்படி எழும்புவது புகை இல்லை, மூடுபனி என்று அதுவே தெரிந்துகொள்ளுமாம். திரையில் ஓரமாக 'மூடுபனி' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. தவறான எச்சரிக்கை பாதியாகக் குறைந்துவிட்டதென்று மேலிடத்தில் பாராட்டாம். கௌசிகா எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தது. "உங்களாலதான் சார்" என்றது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 16

கௌசிகா 'வறண்ட காலத்து மாலை மூடுபனி' என்று கட்டுரையே எழுதி முடித்துவிட்டது. இரண்டாவது ஆசிரியர் நான்! அதைப் படித்துவிட்டு வானிலைப் பேராசிரியர் நரசிம்மவரதன் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறாராம்.

சலேத்திடம் சொன்னேன். "எத்தன மணிக்கு வாராவ? சாயங்காலம் பூரா நீங்க ஆபீஸ்லயேதான் இருப்பியளா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். என் உயர்வில் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டது.

ஒரே கவலைதான். வெள்ளிக்கிழமை நான் ஆபீசில் இருந்தால் மூடுபனி வருமா? கேம்ப் போன நாட்களில் தானாகவே வந்திருக்கிறது. ஆண்டவர் விட்ட வழி.

மார்ச் 20, வெள்ளி

இனி இந்த டைரியில் ஒளிக்க ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெயில் சாயும் நேரம். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் பேராசிரியர், ரேஞ்சர், கௌசிகா, நான். திரையில் மொட்டைப்பாறை வெறிச்சென்று கிடந்தது. பேராசிரியர் இரண்டு டீ குடித்துவிட்டார். கௌசிகா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக வெள்ளையாக ஒன்று எழும்பியது.

"அடடா! அடடா! சொன்னபடியே வரதே!" என்று பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கௌசிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷின் வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் 'மூடுபனி' என்று போட்டு, சரிதானா என்று என் போனுக்குக் கேட்டனுப்பியது. "அமுக்குங்க சார்" என்றது கௌசிகா. அமுக்கினேன். ரேஞ்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார், இத்தனை வருஷ சர்வீசில் முதல் தடவையாக.

அந்த வெள்ளை மெல்ல மெல்லத் தடித்தது. அடியில் பழுப்பானது. பிறகு கல்லுப்பட்டிப் பக்கமாகச் சாய்ந்து புல்லோடு புல்லாக ஓட ஆரம்பித்தது. பேராசிரியர் பனித்துளி எப்படி உருவாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சும்மா இருந்துவிடு, தீத்தடுப்புக் காவலர் எவனாவது பார்த்துச் சொல்வான் என்று மனசுக்குள் ஒரு குரல். கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என்னையறியாமல் கத்திவிட்டேன். "சார், அது மூடுபனி இல்ல. புகை!"

பேராசிரியர் சிரித்தார். "பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா இத்தனை நாள் பதிவு இருக்கே..."

"இத்தனை நாளும் மூடுபனி இல்ல சார். அங்கன உக்காந்து நான்தான் கருவாடு சுட்டேன்."



"என்னய்யா சொல்றீரு?" என்றார் ரேஞ்சர்.

"கருவாடு சார். சீலா. வீட்டுல விடமாட்டக்கா."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்குத்தான் நான் இங்க இருக்கேன்ல சார்!"

ரேஞ்சர் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜீப்பை எடுத்தோம். தீத்தடுப்புக் காவலர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. பேராசிரியரும் கௌசிகாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள், யாரும் கூப்பிடவில்லை.

பாறைக்குக் கீழே ஒரு கோயில் முற்றம் அளவுக்குப் புல் கருகி, விளிம்பில் தீ சரிவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பச்சைக் கொப்பால் தரையை அடி அடியென்று அடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நின்றாள். அது சலேத்.

"என்ன, நின்னு வேடிக்க பாக்கிய? கொப்ப ஒடிச்சிட்டு வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் உயிர் வந்தது.

அடித்தோம். ரேஞ்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேராசிரியர் உண்ணிச்செடிப் புதரையே பிடுங்கிக்கொண்டு வந்து, கண்ணாடி கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அடித்தார். காவலர்களும் வந்து சேர, இருட்டுவதற்குள் அணைந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சரிவு முழுக்கப் பற்றியிருக்கும் என்றார்கள். கல்லுப்பட்டிக்காரர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. சலேத்துக்கு முழங்கையில் கொப்புளம். முன்முடி பொசுங்கியிருந்தது. கௌசிகா தன் பாட்டில் தண்ணீரை அவள் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தது.

பாறைக்குப் பின்னால் என் மூன்று கல். அதன்மேல் என் கம்பி. கம்பியில் என் சீலா.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க கேம்ப் போற நாளெல்லாம். இன்னைக்கு ஆபீஸ்ல இருப்பேன்னு சொன்னியளேன்னு வந்தேன். பாழாப்போன காத்து, கங்கத் தூக்கிட்டுப் போயிட்டு."

"சிலுவைப் பாதைக்குப் போனேன்னு சொன்னியே?"

"போனேம்லா. முடிஞ்சப் பொறவுதான இங்க வருவேன்."

"அப்ப நான் இங்க வாரது ஒனக்கு..."

"மொத நாளே தெரியும். எலுமிச்சங்காயத் தேச்சா எனக்குத் தெரியாதாக்கும்? கேட்டா வேற எங்கயாச்சும் ஒளிப்பிய. பூனை உக்காந்த வாளின்னு டைரியில எழுதிருந்தியளே, மணல் வாளின்னா எனக்கும் எட்டும். நான் பாதிய எடுத்துத் தின்னதுனாலதான் உங்களுக்கு உப்பு பாதியாக் கொறஞ்சிச்சு. எல்லாம் உங்க பிரஷருக்காவத்தான்."

சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது. அந்தக் கருகின தரையில் உட்கார்ந்து, ரேஞ்சர், பேராசிரியர், அந்தப் பெண் எல்லார் முன்னாலும் அழுதேன். சலேத் கொப்புளம் இல்லாத கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மார்ச் 21

ரேஞ்சர் எனக்கு மெமோ கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். அபராத ரசீதையும் என் கையாலேயே எழுத வைத்தார். குற்றவாளி பெயர்: ராயப்பன். தொழில்: வனவர். குற்றம்: காப்புக்காட்டில் தீ மூட்டியது. பிடித்த அலுவலர்: ராயப்பன். சலேத்துக்கு இன்னொன்று. "என் பேருல ஒரு எழுத்து விட்டுட்டியளே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கட்டங்காப்பிக்காரர்கள் இரண்டு பேரும் வேலை மெனக்கெட்டு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 23

கௌசிகா பேசவில்லை. நானாகப் போய் நின்றேன்.

"மூணு வாரம் அந்த மூடுபனிக்கு வரைபடம் போட்டேன் சார். ஈரப்பதம், காத்து, எல்லாம் பொருந்துச்சுன்னு எழுதுனேன். உங்களை நம்பினது நானும்தான், மிஷின் மட்டுமில்லீங்க."

கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டதாம். திட்டித் தீர்த்துவிட்டு ஏப்ரல் கடைசி வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் மொட்டைப்பாறைப் படங்கள் ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்துச் சரியான பதில் போட்டு, மிஷினுக்கு முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டும்.

"கெடுத்தது நீங்க. நீங்களே வந்து சரிபண்ணுங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. கேம்ப் நாளெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்."

மார்ச் 25

மத்தியானத்திலிருந்து நானும் சலேத்தும் கம்ப்யூட்டர் முன்னால். படம் படமாக வருகிறது. தூரத்தில் பாறை, அதன்மேல் ஒரு வெள்ளை இழை. புகையா, புகை அல்லவா என்பது மட்டும்தான் கேள்வி. ஆனால் எங்களுக்குள் அது தீரவில்லை.

"இது நீங்க."

"இல்ல, இது நீ. என் தீயில இவ்வளவு பொகை வராது."

"என்னத்துக்கு வராது? பச்ச வெறகு வச்சா வரத்தான செய்யும். இந்தா பாருங்க, எந்தப் பக்கமாப் போவுது. நான் காத்துக்கு மறைவாத்தான் கல்லு போடுவேன்."

"அதான் மலையக் கொளுத்துனியா?"

"யாரா இருந்தா என்னங்க, புகைன்னு அமுக்குங்க" என்று கௌசிகா தலையில் கைவைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது.

கடைசியாக வந்தது வெள்ளிக்கிழமைப் படம். பாறையை முழுக்க மூடிக்கொண்டு புகை. அதன் ஓரத்தில், நகத்தளவுகூட இல்லை, கையில் கொப்போடு ஒரு உருவம். படத்துக்குக் கீழே பதில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மூடுபனி. உறுதி செய்தவர்: ராயப்பன், வனவர்.

சலேத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இது நான்லா?"

"ஆமா."

கீழே எழுதியிருந்ததையும் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கௌசிகா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது.

"மாத்தி அமுக்குங்க. உங்களுக்கு மாத்திர போடுத நேரமாயிட்டு" என்றாள் சலேத்.

புகை என்று அமுக்கினேன். பதிலை மாற்றுவது உறுதிதானா என்று மிஷின் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.